தனிக் கோப்பை

செத்துப்போன அண்ணன் கணேசலிங்கத்தின் கோப்பையையும் பேணியையும் குப்பைப் பைக்குள் போட்டு முடிந்துகொண்டிருந்தாள் ஜெயகௌரி. வாசல் மணி அடித்தது. செத்தவீட்டுக் கார் அதற்குள் வந்துவிட்டதோ என்று ஓடிப்போய்த் திறந்தாள். நெஞ்சுநோய்க் கிளினிக் நேர்ஸ் நின்றாள்.

இன்றைக்கு வந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். காசநோயால் இறந்த கணேசலிங்கத்தோடு இந்த வீட்டில் இருந்த எல்லாரையும் சோதிக்க வேண்டும், பெயர்கள் வேண்டும் என்றாள்.

“நீயும் நானும்தான் எண்டு சொல்லு,” கதிரையில் இருந்த அண்ணனின் பெண்சாதி, மச்சாள் நகுலேஸ்வரி, தமிழில் சொன்னாள். “சனத்துக்கு நிமோனியா எண்டு சொல்லியிருக்கு. கசம் எண்டு வாய் திறந்திடாதை.”

“அவ டொக்டர் பகுதி ஆள், மச்சாள்.”

“டொக்டர், கவுன்சில், விசா ஒபிஸ் எல்லாம் ஒரு வயித்துப் பிள்ளையள்தான்.”

மேல் அறையில் வாடகைக்கு இருந்த றோஸ்மலர், விசா மறுக்கப்பட்டவள். பெயர் எழுத ஆள் வருகுதாம் என்று மச்சாள் சொன்னதும், நேற்றே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நேர்ஸ் குசினித் தட்டைப் பார்த்தாள். மூக்கு வைத்த சின்னக் குவளை ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

“குழந்தை இருக்கிறதா?”

ஜெயகௌரி மச்சாளைப் பார்க்கவில்லை. “இருந்தது,” என்றாள். தாங்கள் கவனமாகத்தான் இருந்தோம் என்றாள். இரத்தம் துப்பியும் டொக்டரிடம் போகமாட்டேன் என்று நின்ற அண்ணனுக்குத் தனிக் கோப்பை, தனிப் பேணி, தனித் துவாய்.

கோப்பையால் இது தொற்றாது, மூச்சால்தான் தொற்றும் என்றாள் நேர்ஸ். பிறகு அண்ணனின் அறை ஜன்னலைப் பார்த்தாள். குளிர் புகாமல் அண்ணனே சுற்றிவர டேப் ஒட்டியிருந்தார். பின்னேரங்களில் ஹீட்டரைப் போட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேதான் ரிவி பார்ப்பார். இருமல் வந்தால் முகத்தை மட்டும் திருப்புவார்.

சின்னப் பிள்ளைக்கு இது மூளைவரை போகும், இப்போதே மருந்து தொடங்கினால் தடுக்கலாம், விசா பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று சொல்லி, நேர்ஸ் தன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

றோஸ்மலரின் போன் நிற்பாட்டிக் கிடந்தது. தகன மண்டபத்தில் தேவாரம் பாடும்போதும் ஜெயகௌரி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையிலிருந்து மச்சாளும் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கண்டாள். றோஸ்மலர் வரவில்லை.

வீட்டுக்கு வந்து குளித்து முடிய போன் அடித்தது.

“அக்கா, எல்லாம் முடிஞ்சுதே? எனக்கு வர ஏலாமப் போச்சு.” பின்னால் பஸ் இரைந்தது.

“றோஸ், எங்கை நிக்கிறாய்? பிள்ளையை உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. விசா ஒண்டும் கேக்கமாட்டினம்.”

“அவனுக்கு ஒண்டுமில்லை அக்கா, கொஞ்சம் தடிமன், மூக்கு ஓடுது. அண்ணை தொட்ட சாமான் ஒண்டும் அவன்ரை வாயிலை பட விடேல்லை. தனிக் கோப்பைதானே.”

“கோப்பையிலை இல்லையடி, அது மூச்சிலை—”

தெருப் போனில் காசு முடியும் சத்தம் கேட்டது. அறுந்தது.

ஜெயகௌரி அந்த நம்பரைத் திரும்ப அழுத்தினாள். எங்கோ ஒரு தெருவில் அது அடித்துக்கொண்டே இருந்தது.

“ஆரடி?” என்றாள் மச்சாள்.

ஜெயகௌரி அண்ணனின் அறைக்குப் போனாள். ஜன்னல் டேப்பை நகத்தால் கிளப்பினாள். காய்ந்துபோன டேப் துண்டு துண்டாகத்தான் வந்தது. கீழ்க்கண்ணாடியில் சின்ன விரல் அடையாளங்கள் இருந்தன. அவற்றில் கை படாமல், ஜன்னலை மேலே தள்ளினாள்.