ஒரு நெல் அளவு

நர்மதாவுக்கு ஃபேஷன் புத்தகம் என்றால் அது கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகும் லோக்கல் ரயிலின் பெண்கள் பெட்டிதான்.

சவுகார்பேட்டையில் மணியும் கம்பியும் வாங்க வேண்டும் என்பது ஒரு சாக்கு. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, ஏறுகிற இறங்குகிற பெண்களின் காதையும் கழுத்தையும் பார்த்துக்கொண்டே வருவாள். போன வருஷம் எங்கு பார்த்தாலும் லாவெண்டர். அதற்கு முன் கடுகு மஞ்சள். புது நிறத்தைக் கல்லூரிப் பெண்கள்தான் முதலில் உடுத்துவார்கள். அடுத்து பேங்க் வேலைக்குப் போகிறவர்கள். தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகும் பெண்களின் துப்பட்டாவுக்கு அந்த நிறம் வந்து சேர்ந்துவிட்டால், சீசன் முடியப் போகிறது என்று அர்த்தம். இந்த ஆடியில் பிஸ்தா பச்சை. கவரைப்பேட்டை தாண்டியதும் தெரியும் நாற்றங்காலை வெயில் ஏறிய பிறகு பார்த்தால் இருக்குமே, அந்தப் பச்சை. தெரிந்ததுமே கைப்பையிலிருந்த துண்டுக் காகிதத்தில் ஒரு ஜிமிக்கி வரைந்துவிட்டாள்.

சுடுமண் நகைதான் அவள் தொழில். களிமண்ணைப் பிசைந்து, உருட்டி, நிழலில் காயவைத்து, சுட்டு, வண்ணம் தீட்டி, கம்பி மாட்டி, எல்லாம் அவளே. சிப்காட் சாலையில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடி வீடு. கொடியில் போட்ட துணியில் மாலைக்குள் இரும்புத் தூசி படிந்துவிடும். கணவன் மோசஸ் கிரேன் ஓட்டுகிறவன். காண்டிராக்டில் குஜராத்துக்குப் போயிருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு வருவான்.

நகை விற்க ஆன்லைனில் அவள் வைத்திருக்கும் பேஜுக்கு மாடலும் அவள்தான். போனைத் துவரம்பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்து, டைமரைத் தட்டிவிட்டு ஓடிவந்து நிற்க வேண்டும். கழுத்திலிருந்து காது வரைதான் படத்தில் வரும். முகம் வராது. பத்துப் படம் எடுத்தால் ஒன்பதில் ஜிமிக்கி ஆடிக்கொண்டிருக்கும். எதிரில் யாராவது நின்று, 'கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு' என்று சொன்னால் ஒரே படத்தில் முடிந்துவிடும். அப்படிச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை.

ரயில் பொன்னேரியில் நிற்கும்போது மட்டும் அவள் எழுந்து வாசலுக்குப் போவாள். ஆனால் இறங்கமாட்டாள். பொன்னேரி கடைத்தெருவில் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடும் ஈஸ்வரி பிளாட்பாரத்தில் அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பாள். நகைப் பெட்டி இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போகும். அடுத்த ஆர்டருக்கு நிறம் பார்க்கும் துணித்துண்டு அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு வரும். வண்டி கிளம்பிவிடும்.

"ஏம்மா, பிளாட்பாரத்துல கால வச்சா சுட்டுடுமா உன்ன?" என்று ஈஸ்வரி கேட்காத நாள் இல்லை.

"நேரமாய்டும்க்கா" என்று நர்மதாவும் சிரிக்காத நாள் இல்லை.

பொன்னேரிக்குப் பக்கத்துக் கிராமத்தில்தான் அவள் பிறந்தாள் என்பது ஈஸ்வரிக்குத் தெரியாது. அப்பா குப்புராஜ் நெல் விவசாயி, ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆள். கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு வேலைக்குப் போன மகள் அங்கே மோசஸைக் கட்டிக்கொண்டபோது, எனக்கு ஒரே பெண்தான் என்று சொல்லிவிட்டார். ஒன்பது வருஷமாகிறது. அந்த ஒரே பெண் பூமிகா அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

பிஸ்தா பச்சை ஆர்டர் ஈஸ்வரி வழியாகத்தான் வந்தது. ஆவணியில் கல்யாணம், ரிசப்ஷனுக்கு மட்டும் சுடுமண் செட், பெண் வீட்டார் எல்லோருக்கும் அதே நிறத்தில் உடை. யார் வீட்டுக் கல்யாணம் என்று நர்மதா கேட்கவில்லை. எப்போதும் கேட்பதில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து ஆரமும் ஜிமிக்கியும் செய்து, ரயில் வாசலில் கொடுத்து அனுப்பினாள்.

மூன்றாம் நாள் ஈஸ்வரி போன் செய்தாள். "நர்மதா, ஒரு பேஜாரும்மா. அந்த ஜிமிக்கி ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டையாம். பொண்ணு போட்டுப் பாத்துட்டு திருப்பிக் குட்த்துட்ச்சு. நான் ஸ்கேல் வச்சு அளந்துட்டேன். ரெண்டும் ஒண்ணாத்தான் கீது."

"எந்தக் காதுக்கு எறங்குதாம்?"

"இடது. அதுக்கு மேல கேளு கூத்த. எவ்ளோம்மா ஏத்தணும்னு கேட்டா, ஒரு நெல்லளவுன்னு சொல்லுது. கம்ப்யூட்டர்ல வேல செய்ற பொண்ணு, மில்லிமீட்டர்ல சொல்லும்னு பாத்தா, நெல்லு உளுந்துன்னு சொல்லிக்கினு."

மண் பிசைந்துகொண்டிருந்த நர்மதாவின் கை அப்படியே நின்றது.

"பொண்ணு பேரு இன்னாக்கா?"

"பூமிகா. குப்புராஜ் பொண்ணு. இன்னாத்துக்குக் கேக்கற?"

"சும்மாத்தான். ஏத்திக் குடுக்கறேன்னு சொல்லுக்கா."

போனை வைத்துவிட்டு வெகுநேரம் கை கழுவாமலே உட்கார்ந்திருந்தாள்.

பூமிகாவுக்குக் காது குத்திய நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாமா மடியில் குழந்தை. வலது காது குத்தி முடிந்தது. இடது காதில் பத்தர் ஊசியை வைத்தபோது, பலூன் பிடித்து நின்ற அக்காவைப் பார்க்கக் குழந்தை திரும்பிவிட்டது. ஓட்டை கொஞ்சம் கீழே இறங்கிப் போனது. அதன் பிறகு பூமிகாவுக்கு எந்தத் தொங்கட்டான் வாங்கினாலும் இடது பக்கம் தாழ்ந்தே தொங்கும். பள்ளிக்கூட நாளிலேயே நர்மதாதான் குறடு எடுத்துக்கொண்டு உட்காருவாள். குதிரிலிருந்து ஒரு நெல்லை எடுத்துப் பக்கத்தில் வைத்து, அந்த நீளத்துக்குக் கம்பியைச் சுருக்கி மாட்டிவிடுவாள். பெரியவர்கள் யாரும் இதைக் கவனித்ததே இல்லை. அது அக்கா தங்கை இரண்டு பேருக்குள் இருந்த அளவு.

கோளாறு தன் காதில்தான், ஜிமிக்கியில் இல்லை என்று பூமிகாவுக்குத் தெரியும். தெரிந்தும் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

அன்று மாலை வீடியோ அழைப்பில் மோசஸ் ஹெல்மெட்டைக் கழற்றாமலே எல்லாவற்றையும் கேட்டான்.

"உன் தங்கச்சிக்கு வாயத் தொறந்து பேச பயம். காதக் காட்டிப் பேசுது" என்றான்.

"கிண்டலா கீதா உனக்கு?"

"நெஜமாத்தான் சொல்றேன். நீ இன்னா பண்ணப் போற?"

"வளையத்தக் கழட்டி ஏத்தப் போறேன்."

"அவ்ளோதானா?"

"கல்யாணத்துக்குக் கூப்ட்டா அனுப்பிக்கிது? ஜிமிக்கியத்தான அனுப்பிக்கிது."

மோசஸ் ஹெல்மெட்டைக் கழற்றினான். "நான் லீவு கேட்டுப் பாக்கட்டா?"

"நீ வந்து நின்னா எங்கப்பா மண்டபத்தையே மாத்திடுவாரு."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். திரை அணைந்ததும் அறை முன்பைவிடப் பெரியதாகத் தெரிந்தது. தங்கை கல்யாணத்தில் தனக்கு ஒரு ஓரமாவது இருக்குமா? ஒன்பது வருஷமாக ஒதுக்கி வைத்திருந்த ஆசை அது. இப்போது மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது.

மறுநாள் காலையில் ஈஸ்வரி ஆளிடம் கொடுத்தனுப்பிய ஜிமிக்கி வந்து சேர்ந்தது. வேலைக்கு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது, வீட்டில் நெல் ஏது? டப்பாவில் அரிசிதான் இருந்தது. ஒரு அரிசியை எடுத்துக் கம்பியின் பக்கத்தில் வைத்தாள். உமிக்கு எவ்வளவு என்று மனசுக்குள் யோசித்து, அதையும் சேர்த்துக்கொண்டாள். தோட்டையும் குடையையும் இணைக்கும் வளையத்தைக் கழற்றிச் சுருக்கி மாட்டினாள். இரண்டையும் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் கோணலாகத்தான் தெரிந்தது. வேறு யாருக்கும் ஆகாத ஜோடி அது.

வெள்ளிக்கிழமை ரயில் பொன்னேரியில் நின்றது. ஈஸ்வரி அதே இடத்தில் நின்றாள். ஆனால் பெட்டியை வாங்கக் கை நீட்டவில்லை.

"எறங்கு" என்றாள்.

"வண்டி பூடும்க்கா."

"போவட்டும். இதான் கடைசி வண்டியா? சொல்றேன்ல, எறங்கு."

அவள் குரலில் வழக்கமான கேலி இல்லை. நர்மதா அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். குடிநீர்க் குழாயை ஒட்டிய தூண் மறைவில், துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். பிஸ்தா பச்சைத் துப்பட்டா.

வண்டி நகரும் நேரத்தில்தான் நர்மதா இறங்கினாள். கால் சுடவில்லை.

தூண் மறைவில் நின்றவள் நெருங்கி வந்தாள். முதலில் பேசியது பூமிகாதான்.

"எளச்சுட்டக்கா."

"நீ ஒசந்துட்ட. எப்டிக் கண்டுபுட்ச்ச?"

"ஈஸ்வரியக்கா டிசைன் காட்டிச்சே, உன் பேஜ்ல. மூஞ்ச மறச்சுட்டா ஆச்சா? கழுத்துல அந்த மச்சம் கீதே. அதக்கூட எடிட் பண்ணத் தெரில உனக்கு." துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். "மெசேஜ் டைப் பண்ணிப் பண்ணி அழிச்சேன்க்கா. எழுதினா நல்லாவே இல்ல."

"காதக் காட்டு" என்றாள் நர்மதா.

பூமிகா துப்பட்டாவை விலக்கினாள். வலது காதில் மாட்டிவிட்டு, இடது காதுக்கு வந்தபோது நர்மதாவின் விரல் அந்த ஓட்டையைத் தேடவில்லை. அதுவாகப் போய் நின்றது. இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். இரண்டு ஜிமிக்கியும் ஒரே மட்டத்தில் தொங்கின.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு" என்றாள். சொன்ன பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது.

"முகூர்த்தத்துக்குத் தங்கம்தான்க்கா" என்றாள் பூமிகா, தலையைக் குனிந்துகொண்டு. "ரிசப்ஷனுக்கு மட்டும்தான் இது. அதுக்கு… ஈஸ்வரியக்கா டீம்ல ஒரு ஆளா நீ வரியா? செட்டு போட்டுவுட. மேக்கப் ரூமுக்கு அப்பா வரமாட்டாரு."

"அம்மா?"

"அம்மாதான் சொல்லிச்சு. ரூம் வாசல்ல நான் நின்னுக்கறேன், ஒருத்தரையும் உள்ள வுடமாட்டேன்னிச்சு."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு மணி நேரம் இருக்கும். மேடைக்கு நான் போனப்புறம் மேக்கப் ஆளுங்கல்லாம் பின்வாசல் பக்கமா போய்டுவாங்க."

கூடப் பிறந்தவள் கல்யாணத்துக்குப் பின்வாசல் வழியாக, கூலிக்கு வந்த ஆளாக. வேண்டாம் என்று சொல்ல நர்மதாவின் வாய் வரைக்கும் வார்த்தை வந்துவிட்டது. சொல்லிவிட்டு அடுத்த ரயிலில் ஏறிப் போனால், தூசி படிந்த கொடியும் பருப்பு டப்பாவும் அவளுக்காகக் காத்திருக்கும். மானமும் இருக்கும். இந்தக் காது இருக்காது.

தங்கை நிமிரவே இல்லை. ஜிமிக்கி மட்டும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

நர்மதா ஈஸ்வரி பக்கம் திரும்பினாள். "உன் ஆளுங்கல்லாம் இன்னா கலருக்கா போடுவாங்க?"

ஈஸ்வரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கறுப்பு சுடிதார்."

"சரி" என்றாள் நர்மதா.

பூமிகா அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த கையில் மருதாணி வைக்க இன்னும் நாள் இருந்தது. எதிர் பிளாட்பாரத்தில் தெரிந்த முகம் ஒன்று வர, சட்டென்று கையை விட்டுவிட்டுத் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஈஸ்வரி அவளை அழைத்துக்கொண்டு படியேறிப் போனாள். பூமிகா ஒரு தடவை திரும்பினாள். காது குத்திய நாளில் திரும்பியது போலவே இருந்தது.

நர்மதா சவுகார்பேட்டைக்குப் போகவில்லை. எதிர் வண்டி பிடித்துக் கும்மிடிப்பூண்டிக்கே திரும்பினாள். பெண்கள் பெட்டியில் பிஸ்தா பச்சை கூடியிருந்தது. ஷிப்டு முடிந்து வந்த ஒரு பெண்ணின் துப்பட்டாவிலும் அது வந்துவிட்டது. சீசன் முடியப் போகிறது. முதல் தடவையாக, யாருக்கு என்ன விற்கலாம் என்று பார்க்காமல், தான் என்ன உடுத்திக்கொள்வது என்று பார்த்தாள். கறுப்பு சுடிதார்தான். அதற்கு ரயிலில் பார்க்க ஒன்றுமில்லை.

வீட்டில் ஈரத்துணிக்குள் கொஞ்சம் மண் மிச்சமிருந்தது. அதில் இரண்டு சிறு தோடு உருட்டினாள். சீசன் மாடல் எதுவும் இல்லை, நெல் வடிவம்தான். காய்ந்து, சுட்டு முடிந்ததும், தங்கையின் ஆரத்துக்குக் கலக்கிய அதே பிஸ்தா பச்சையைத் தொட்டு வைத்தாள். பெண் வீட்டார் எல்லோருக்கும் அந்த நிறம்தானே.

அதைப் படம் எடுக்கவில்லை. காதில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். முடியை இழுத்துக் காதை மூடிப் பார்த்தாள். வெளியே தெரியவில்லை. கீழே டயர் கடையில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, முடியை ஒதுக்குவதும் மூடுவதுமாக இருந்தாள்.