மெல்ரோய் திருத்திய கெபின்

ஜெசிகாவுக்கு மற்றவர்கள் கட்டும் வீடுகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். அது நல்ல சிரிப்பல்ல. பாலையூற்றிலிருந்து உள்துறைமுக வீதியில் இருக்கும் கப்பல் முகவர் அலுவலகத்துக்கு ஸ்கூட்டியில் போகும் வழியெல்லாம் அந்தச் சிரிப்போடுதான் போவாள். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு எட்டுத் தூண், தூணுக்கு மேலே ஒரு சோடிச் சிங்கம், சிங்கத்துக்கு மேலே தண்ணீர்த் தாங்கி.

அவள் லப்டொப்பில் விளையாடும் விளையாட்டிலும் இதே கூத்துத்தான். மனிதர்களை உருவாக்கி, அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்து, வேலைக்கு அனுப்பி, சமைக்கவும் சண்டை பிடிக்கவும் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் விளையாட்டு அது. கட்டிய வீட்டை அதன் பொதுக் கலரியில் ஏற்றினால் உலகத்தில் எவரும் இறக்கித் தங்கள் விளையாட்டில் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கலரியை அவள் முழுப் பின்னேரமும் பார்த்திருப்பாள். ரசிக்க அல்ல.

"இஞ்ச பார் றுஷ்தா, கக்கூசுக்குள்ள சரவிளக்கு," என்று அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரியிடம் போனை நீட்டுவாள்.

"நீ ஒண்டும் ஏத்தமாட்டாய். ஏத்தினவங்களுக்கு நொட்டை மட்டும் சொல்லு."

"ஏத்தினா ஆராவது இறக்கிப்போட்டுத் தூண் வைப்பாங்கள்."

இப்படி இருந்தவளுக்குத்தான் மெல்ரோயைப் பேசி வந்தார்கள். கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கணினிப் பிரிவில் வேலை. தாய் பிலோமினா திருகோணமலை நகரத்தில் தனியே இருந்தார். ஜெசிகாவின் தகப்பன் சூசைப்பிள்ளை துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமானபின் மகளின் கலியாணத்தைத் தவிர வேறு கவலை வைத்துக்கொள்ளாதவர். இரண்டு பக்கத்துக்கும் பிடித்துப்போனது. கோயிலில் கலியாண ஓலை வாசிக்க நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் இருவரும் போனில் கதைத்துப் பழகட்டும் என்று விட்டார்கள்.

மெல்ரோய் நன்றாகக் கதைத்தான். பெரும்பாலும் தன்னைப் பற்றி. மனேஜர் மடையன், பக்கத்து இருக்கைக்காரன் மடையன், பஸ் சாரதி மடையன். ஆனாலும் குரல் நல்ல குரல். பின்னேரங்களில் ஜெசிகா போனைப் பார்த்துக்கொண்டு இருக்கத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் அவனுக்குக் கேட்கவும் தோன்றியது.

"நேரம் கிடைச்சா நீர் என்ன செய்வீர்?"

"வீடு கட்டுவன்."

விளக்கிச் சொன்னதும் சிரித்தான். "சின்னப்பிள்ளை விளையாட்டு. சரி, நானும் இறக்கிறன். எங்கட வீட்டைக் கட்டுவம். நீர் தொடங்கும், நான் பாத்துத் திருத்திறன்."

'திருத்திறன்' என்ற சொல் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதை விட்டுவிட்டாள். இன்னொருவர் கண்ணுக்காகக் கட்டுவது அவளுக்கு அதுதான் முதல்தடவை.

ஒரே அறைக் கெபின். தகரக்கூரை. கிழக்கே தண்ணீர். தண்ணீரைப் பார்த்தபடி ஒரு பெரிய யன்னல், அதன் கீழே சுவர் நீளத்துக்கு ஒரு மேசை, இரண்டு கதிரை. குசினி ஒரு மூலையில்; சமைப்பவர் திரும்பினால் மேசையில் இருப்பவரின் முகம் தெரியும். கட்டில் புத்தக அலுமாரிக்குப் பின்னால். காலை வெயில் சரியாக மேசையில் விழவேண்டும் என்று யன்னலை எத்தனையோ முறை நகர்த்தினாள். பெயர் வைக்காமல், மற்றவர்களுக்குத் தெரியாதபடி கலரியில் ஏற்றி இணைப்பை அவனுக்கு அனுப்பினாள்.

அவன் திருத்தி அனுப்பியதில் யன்னல் இல்லை. அந்த இடத்தில் சுவரளவு ரீவி.

"யன்னலைக் காணேல்ல," என்றாள்.

"பின்ன ரீவியை எங்க வைக்கிறது?"

"அங்கால கடல் இருக்கு."

"கடல் திருகோணமலை முழுக்கக் கிடக்கு. வீட்டுக்குள்ளயும் ஏன்?"

கட்டத் தெரியாதவர், பழகுவார் என்று யன்னலைத் திரும்ப வைத்து, ரீவியைச் சின்னதாக்கி மூலையில் போட்டு அனுப்பினாள். அடுத்து வந்ததைத் திறந்தபோது தான் வேறெதையோ இறக்கிவிட்டதாக நினைத்தாள். வாசலில் இரண்டு தூண். உள்ளே அரைவாசி அறையை அடைத்துக்கொண்டு ஒரு சோபாச் செற்றி. குசினியைச் சுற்றித் தடித்த சுவர்.

"மேசையை என்ன செய்தனீங்கள்?"

"வித்திட்டன். வாற சனம் எங்க இருக்கிறது?"

"ஆர் வாறது? ரெண்டு பேர் இருக்கிற கெபின்."

"அம்மா வருவா. ஒஃபிஸ் ஆக்கள் வருவினம். வந்தவுடன குசினி தெரிஞ்சா மரியாதை இல்லை. சுவர் வைச்சிருக்கிறன், நீர் உள்ள நிண்டு நிம்மதியாச் சமைக்கலாம்." பரிசு கொடுப்பவனைப் போல அவன் அதைச் சொன்னான்.

ஜெசிகா லப்டொப்பை மூடினாள். அன்றிலிருந்து அந்த நல்ல குரலைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குச் செற்றிதான் ஞாபகம் வந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உடுப்பு மடிப்பாள். மனேஜர் மடையன் என்று அவன் சொல்லும்போது "ஓம்" என்பாள். இடையில் ஒருமுறை "ஓம்" சொல்ல மறந்தாள். அவன் கவனிக்கவில்லை.

பிறகு ஒருநாள் அலுவலகத்தில் றுஷ்தா போனோடு எழுந்து வந்தாள். முகம் சரியில்லை.

"ஜெசி, இது உன்ட கெபின் தானே?"

அந்த விளையாட்டை விளையாடும் தமிழ் ஆட்களின் பேஸ்புக் குழு. இரண்டு படம்: ஒன்று அவள் கட்டியது, மற்றது அவன் திருத்தியது. 'எங்கள் கடற்கரை இல்லம். வடிவமைப்பு: மெல்ரோய்.' கீழே எழுதியிருந்தான்: 'என்னைக் கட்டப்போறவ சின்னப்பிள்ளை மாதிரி ஒண்டு கட்டி வைச்சிருந்தா. நான் அதை வீடு மாதிரித் திருத்தினனான்.' ஒருவன் பின்னூட்டத்தில், 'அண்ணே, கலியாணத்துக்குப் பிறகும் திருத்த நிறைய இருக்கும்' என்று போட்டிருந்தான். மெல்ரோய் அதற்கு வாய்விட்டுச் சிரிக்கும் முகம் ஒன்றைப் பதிலாகப் போட்டிருந்தான்.

"இப்பவே எடுத்து ஏசு," என்றாள் றுஷ்தா.

"ஏசுறதுக்குக் கோபம் வரவேணும். எனக்கு வரேல்ல."

உண்மையாகவே வரவில்லை. அவள் அவனுடைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், கலரியில் தூண்களைப் பார்ப்பதுபோல. அப்போதுதான் ஒன்று தெரிந்தது. குசினியைச் சுற்றி எழுப்பிய சுவரில் அவன் கதவு வைக்கவில்லை.

அந்த ஞாயிறு பின்னேரம் நாள் குறிக்க மெல்ரோயும் தாயும் வந்தார்கள். பிலோமினா கேக் கொண்டுவந்திருந்தார். அதைச் சூசைப்பிள்ளையின் கையில் கொடுத்த கையோடு மகனைப் பற்றித் தொடங்கினார்.

"மெல்ரோய் வீடொண்டு டிசைன் பண்ணியிருக்கிறான். பேஸ்புக்கில எத்தனை பேர் லைக் போட்டிருக்கினம் தெரியுமோ?"

"அப்பிடியோ? எங்களுக்கும் காட்டன் தம்பி," என்றார் சூசைப்பிள்ளை.

ஜெசிகா லப்டொப்பை ரீவியில் கொழுவினாள். அவன் ஏற்றியதை இறக்கி, அவன் சாயலில் ஒரு ஆளையும் உருவாக்கி முன்னமே தயாராக வைத்திருந்தாள். "நீங்களே ஓட்டிக் காட்டுங்கோ," என்று மவுஸைக் கொடுத்தாள்.

திரையில் அந்த ஆள் தூண்களுக்கு நடுவால் கம்பீரமாக உள்ளே போனான். செற்றியில் இருந்தான். எழும்பினான். அவனுக்குப் பசித்தது. மெல்ரோய் குசினிக் குளிர்சாதனப் பெட்டியில் அழுத்தினான். ஆள் இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டி, விளங்காத பாசையில் கத்தினான். மெல்ரோய் திரும்பவும் அழுத்தினான். ஆள் வெளியே போய் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அதே இடத்தில் நின்று அதே மாதிரிக் கத்தினான்.

"ஏன் மகன் உவன் கத்துறான்?"

"நெற் ஸ்லோ அம்மா."

ஜெசிகா கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். மெல்ரோயின் கழுத்து வேர்த்தது. செற்றியை நகர்த்தினான். ரீவியை நகர்த்தினான். ஆள் பசியில் குனிந்து வயிற்றைப் பிடித்தான்.

சூசைப்பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார். "தம்பி, குசினிக்கு வாசல் எதால?"

மெல்ரோய் சுவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். பிறகு மவுஸை வைத்துவிட்டு, "ஜெசிகா தந்த பிளான் பிழை மாமா. அதில குசினிக்குக் கதவே இல்லை," என்றான்.

ஜெசிகாவுக்கு அந்தச் சிரிப்பு வந்தது. முகத்துக்கு நேரே, சத்தமாக. அவள் கட்டியதில் குசினிக்குச் சுவரே இருக்கவில்லை.

"மாமி, குறை நினைக்காதேங்கோ," என்றாள் பிலோமினாவிடம். "எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம்."

"ஒரு கேமுக்காகவோ?" மெல்ரோய் எழும்பினான்.

"கதவை மறந்ததுக்கு இல்லை. மறந்ததை என்ட தலையில போட்டதுக்கு." அவள் போனை எடுத்து அவன் எழுதியதைச் சொல் விடாமல் வாசித்தாள். பின்னூட்டத்தையும் வாசித்தாள். சிரித்த முகத்தையும் சொன்னாள்.

சூசைப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றினார். பிலோமினா மகனைப் பார்க்கவில்லை. மேசையில் வெட்டாமல் இருந்த கேக்கைப் பார்த்தார். விடுவதா எடுப்பதா என்று கொஞ்சம் யோசித்து, எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

படலையில் மெல்ரோய் நின்றான். "உம்மட வாய்க்கு ஒருத்தனும் கிடைக்கமாட்டான்."

"உங்களுக்கு ஆரோ ஒருத்தி கிடைப்பா. அவளை நினைச்சாத்தான் எனக்குப் பாவமாக் கிடக்கு."

அவள் உள்ளே வந்து கோப்பைகளைக் கழுவினாள். போனைப் பார்த்துக்கொண்டிருந்த பின்னேரங்கள் ஞாபகம் வந்தன. அந்தக் குரலுக்காகத் தலை சீவிக்கொண்டு இருந்திருக்கிறாள், போனில் முகம் தெரியாது என்று தெரிந்தும். மெல்ரோயின் மேல் இருந்த இளக்காரத்தில் ஒரு பங்கு தன்மேலும் விழுந்தது. அதைத் துடைக்க வழி தெரியவில்லை.

சூசைப்பிள்ளை ஒன்றே ஒன்று சொன்னார்: "கொஞ்சம் விசரன்தான். விசரில்லாத ஆம்பிளைக்கு நான் எங்க போறது?" பிறகு அவளோடு கதைப்பதை விட்டார். பூசைக்கு இருவரும் ஒன்றாகப் போய், ஒன்றாக வந்தார்கள். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெல்ரோய் பதிவை அழித்துவிட்டான் என்று றுஷ்தா சொன்னாள். ஜெசிகா போய்ப் பார்க்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது அவள் தன் பழைய கெபினுக்கு 'கிழக்குக் கரை' என்று பெயர் வைத்து, இந்தமுறை எல்லோருக்கும் தெரியும்படி கலரியில் ஏற்றினாள். ஒரு சிலர் இறக்கினார்கள். ஒருவர் தூண் வைத்தார். அவள் எதிர்பார்த்ததுதான்.

ஒரு சனிக்கிழமை, பெயரை வைத்து எந்த நாடென்று சொல்லமுடியாத யாரோ ஒருவர் படம் அனுப்பியிருந்தார். அந்தக் கெபினில் அவர் இரண்டு கிழவிகளைக் குடிவைத்திருந்தார். அக்காவும் தங்கையும். அக்காவுக்குச் சுகமில்லை, அதனால் கட்டிலை மட்டும் யன்னலடிக்கு மாற்றினேன், மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். மேசை பாதியாகக் குறைந்திருந்தது. தங்கை அதில் இருந்து எதையோ வாசித்துக்காட்ட, படுத்திருந்தவளின் முகத்தில் வெயில் விழுந்திருந்தது.

ஜெசிகா ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. எரிச்சலாக இருந்தது. கட்டில் அந்த இடத்தில்தான் இருந்திருக்க வேண்டும்.

பின்னால் நடந்து போன சூசைப்பிள்ளை நின்றார். கனகாலத்துக்குப் பிறகு வாய் திறந்தார்.

"ஆர் பிள்ளை உந்தக் கிழவியள்?"

"தெரியாதப்பா. ஆரோ குடிவைச்சிருக்கினம்."

அவர் திரைக்குக் கிட்டக் குனிந்தார். "கூரை ஒழுகாதோ?"

"ஒழுகாது."

"ம்," என்றார். பிறகு தேத்தண்ணி வைக்கப் போனார்; போகும்போது அவளுக்கும் சேர்த்து இரண்டு கோப்பை எடுக்கும் சத்தம் கேட்டது.