லிஃப்டில் நான்காம் படி

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வேண்டுமானால் கோயில் வாசலில் கோழித் தலையை வெட்டி, மஞ்சள் காகிதம் கொளுத்திச் சத்தியம் செய்யலாம். கோழி ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மாக் ஹோய்-சுன்னுக்கு லிஃப்ட் என்றால் பயம். ஹாங்காங்கில் இருந்துகொண்டு லிஃப்டுக்குப் பயப்படுவது, கடலில் இருந்துகொண்டு ஈரத்துக்குப் பயப்படுவது போல. முதல் மாடியில் பழைய வீடு, டாக்ஸி ஓட்டும் வேலை, இரண்டையும் வைத்து ஆயுளில் முக்கால்வாசியை ஓட்டிவிட்டார். மகள் முப்பத்திரண்டாம் மாடியில் பிள்ளை பெற்றபோதுதான் மாட்டிக்கொண்டார். மாதம் நிறையும்வரை தாயும் சேயும் வெளியே வர மாட்டார்கள். மாதம் நிறைந்த விருந்தும் அந்த வீட்டிலேயே. படி ஏறிப் போகலாம் என்றால் முழங்கால் பாதி வழியில் உட்கார்ந்துவிடும். பேத்தியைக் கைப்பேசித் திரையில்தான் பார்த்திருந்தார். அதிலும் பாதி நேரம் காது மட்டும் தெரிந்தது.

விருந்தன்று தாத்தா மட்டும் கீழே நின்றால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள், பேத்திதான் பிற்பாடு என்ன நினைப்பாள்? இந்த யோசனையில் அவர் வீட்டுக்குள் நடந்த நடையில் தரை தேய்ந்து, கீழே நூடுல்ஸ் கடையில் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது மேலிருந்தே தெரிந்தது.

"டாக்டர்கிட்ட போ, கிழவா. இல்லேன்னா உன்ன பக்கெட்ல உக்கார வச்சு, கயிறு கட்டித்தான் மேல இழுக்கணும்," என்றாள் மனைவி யுக்-லான்.

உளவியல் நிபுணர் ஆவ்யூங் இளம் பெண். பயத்தைப் படிப்படியாகப் பழக்கித் தீர்ப்பது அவள் முறை. ஒவ்வொரு படியிலும் பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்பாள். அது தானாக இறங்கும்வரை ஓடக் கூடாது. முதல் படி, லிஃப்டைத் தூரத்தில் நின்று பார்ப்பது. மாக் நூற்றுமுப்பது போட்டார். நூறுக்கு மேல் கிடையாது என்றாள் அவள். இது ஹாங்காங் பயம், பக்கவாட்டில் இடமில்லை, மேலேதான் வளரும் என்றார் மாக்.

இரண்டாம் படி, பொத்தானை அமுக்குவது. மூன்றாம் படி, கதவு திறந்திருக்க உள்ளே நிற்பது. இதுவரை தேறினார். அடுத்தது ஐந்தாம் படி: ஐந்தாம் மாடிக்குப் போவது. கதவு மூடத் தொடங்கியதும் மாக் வெளியே பாய்ந்த வேகத்தில், சட்டை மட்டும் உள்ளே நின்று ஐந்தாம் மாடிக்குப் போய்த் திரும்பியது. ஒவ்வொரு முறையும் இதே கதை. ஆவ்யூங்குக்கு இது புதிதல்ல. அவளிடம் வருகிற அத்தனை பேரும் சரியாக இந்த இடத்தில்தான் நின்றுபோனார்கள். அந்த விந்தையைப் பற்றி மாநாட்டில் கட்டுரைகூட வாசித்திருந்தாள்.

விருந்து நாள் காலை, மகளின் கட்டடத்திலேயே கடைசி முயற்சி. திறந்த லிஃப்டுக்குள் ஆவ்யூங்குடன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்ற மாக்கின் கண் பொத்தான் வரிசையில் விழுந்தது. மூன்று, அடுத்து ஐந்து. அந்த ஊரில் பிறந்தவன் கவனிக்கவே மாட்டாத சங்கதி. அவர்கள் மொழியில் சாவு என்ற சொல்லைப் போலவே ஒலிக்கும் எண்ணை யார் தன் மாடிக்கு வைப்பார்கள்? மாக்கின் கால்கள் நின்றன.

"ஏம்மா, மூணாம் படி முடிஞ்சதும் அஞ்சாம் படின்னுதானே சொன்னே? நடுவுல ஒண்ணு எங்கம்மா?"

ஆவ்யூங் கைப்பையின் வாரைத் திருகினாள். குணமாக வந்தவருக்கு அந்த எண்ணை எப்படிக் கொடுப்பது என்று முனகினாள். பாடப்புத்தகத்தில் அந்தப் படி இருக்கத்தான் செய்தது: கதவை மூடிக்கொண்டு, மேலே போகாமல், சும்மா உள்ளே நிற்பது.

"என் பயம் மொத்தமும் அங்கதாம்மா குடியிருக்கு. நீ பக்கத்து வீட்டுக் கதவையே தட்டிட்டிருக்கே. எங்கே, அந்த நம்பர வாயால சொல்லு பாப்போம்."

"வேணாம் மாமா."

"நூத்துக்கு எத்தன?"

"தொண்ணூறு. இல்ல, தொண்ணூத்தஞ்சு."

"ஓடாதே. மூச்ச விடு. தானா இறங்கும்."

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நாலு," என்றாள். யாரும் சாகவில்லை. மாக் கதவு மூடும் பொத்தானை அமுக்கி, விரலை எடுக்காமல் நின்றார்.

வெளியே காத்திருந்தவர்களின் வரிசை வாசலைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நீண்டது. கடைசியில் நின்றவர்கள் ஏதோ இலவசமாகத் தருகிறார்கள் என்று நினைத்துப் பொறுமையாக நின்றார்கள். விருந்துக்கு முழுப் பன்றி வறுவலைத் தூக்கிவந்தவன் கதவை உதைத்தான். உள்ளே மாக்கின் பயம் நூறைத் தொட்டு, அங்கேயே கிடந்து தவித்து, வேறு போக்கிடம் இல்லாமல் இறங்கத் தொடங்கியது. எண்பது, அறுபது. முப்பதில் அவருக்குக் கொட்டாவி வந்தது. கதவைத் திறந்து பன்றியையும் ஏற்றிக்கொண்டு முப்பத்திரண்டை அமுக்கினார்.

மேலே பேத்தியை வாங்கிக்கொண்டார். அவள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு விட மறுத்ததால், விருந்துக்கென்று சிவப்புச் சாயம் ஏற்றிய முட்டையை ஒற்றைக் கையாலேயே உரித்துத் தின்றார்.

மாக்கின் மகள் குடியிருப்பது ஒரு சின்னத் தீவில். அங்கே மூன்று மாடிக்கு மேல் வீடே கிடையாது. கோழி இன்னும் ஒத்துக்கொள்ளாதது அதனால்தான்.