முன்னுரிமை நூறு

1

இந்தக் கதை எனக்கு நேற்று லிஃப்டில் கிடைத்தது. எழுத்தாளர்களுக்குக் கதை மலையடிவாரத்திலோ நெடுந்தூர ரயிலிலோ கிடைப்பதுதான் வழக்கம். எனக்குப் பெங்களூரு சிவாஜிநகரில், துணிக்கடைகளுக்கு மேலே, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில். மணிப் பொத்தானை அழுத்தினேன். ஒரு பெண்குரல் எடுத்தது.

"கதவ கைய வெச்சுப் பிரிக்காதீங்க சார், சும்னே நில்லுங்க. மெக்கானிக் கெளம்பியாச்சு. இருபது நிமிஷம்."

சுவரில் லிஃப்ட் கம்பெனி ஒட்டியிருந்த தாள் 'உதவிக்கு: தலைமை அலுவலகம், இந்திராநகர்' என்றது. பேசியவரோ பொம்மனஹள்ளிக் கிளையின் பெர்னதெத். எப்படி என்று கேட்டேன்.

"அது பெரிய கதை சார். எப்படியும் உள்ளதான இருக்கப் போறீங்க, கேளுங்க."

2

முதல் வரியை இப்படி எழுதினேன்: 'பெயர் என்பது மனிதகுலத்தின் ஆதி

[நிறுத்திவிட்டேன். 'ஆதி' வந்துவிட்டால் அந்தக் கதை விருது கேட்கிறது என்று பொருள்.]

அடுத்தது: 'மஞ்சு மூடிய பெங்களூருவில்

[இதுவும் வேண்டாம். கதை முழுக்க டியூப்லைட் வெளிச்சத்தில் நடக்கிறது.]

நேராகவே சொல்கிறேன். லிஃப்டுக்குள் இருப்பது இணையத்தில் பேசும் தொலைபேசி. அதற்கு எண் எதுவும் தெரியாது, ஒரு பெயர் மட்டும் தெரியும். பொத்தானை அழுத்தியதும் இணையத்தின் பெயர்ப் பதிவேட்டிடம் போய், இந்தப் பெயருக்கு நான் யாரைக் கூப்பிடுவது என்று கேட்கிறது. பதிவேடு இரண்டு சர்வர்களைக் காட்டுகிறது, தலைமையகத்துக்கு ஒன்று, கிளைக்கு ஒன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு முன்னுரிமை எண். முதல் சர்வர் செத்துக் கிடந்தால்தான் இரண்டாவதிடம் போகும்.

என் ஆர்வமெல்லாம் அந்த எண்ணில்தான். எது சிறியதோ அதற்கே முதல் அழைப்பு. ரேஷன் கடை வரிசையில் பத்தாவதாக நிற்பவர் நூறாவது ஆளுக்கு முன்னால் வாங்கிப் போவதைப்போல. லிஃப்ட் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் பத்ரிநாத் ரேஷன் கடையில் நின்றவரல்ல.

3

புது சர்வர் வந்த அன்று, நெட்வொர்க் பார்க்கும் ஆம்ப்ரோஸ் தலைமையகத்துக்குப் பத்தும் பொம்மனஹள்ளிக்கு இருபதும் போட்டிருந்தார். பத்ரிநாத் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். தலைமைப் பண்புப் பயிற்சி முடித்து, சான்றிதழைச் சுவரில் மாட்டிய வாரம் அது. தலைமையகம் கிளையைவிடக் கம்மியா என்றார்.

"சார், இதுல சின்ன நம்பர்தான்..."

"ஆம்ப்ரோஸ், இங்க யாரு சின்னவங்க?"

"யாரும் இல்ல சார்."

"அப்ப நமக்கு நூறு போடுங்க."

(இந்த இடத்தில் ஆம்ப்ரோஸ் மேல் எனக்குச் சந்தேகம். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாமே. பெர்னதெத்திடம் கேட்டேன். ரெண்டு வாட்டி சொன்னானாம், மூணாவது வாட்டி சொன்னா அந்தச் சீட்டுல வேற ஆள் என்றார்.)

அன்று மதியத்திலிருந்து, அந்தக் கம்பெனியின் லிஃப்ட் எங்கே நின்றாலும் பொம்மனஹள்ளியில் மணி அடித்தது. அங்கே இருப்பது பெர்னதெத், ஃபாத்திமா, இரண்டு நாற்காலி. தமிழ், கன்னடம், தக்கினி* எதில் பயந்தாலும் எடுத்துப் பேசினார்கள்.

தலைமையகத்தில் நிசப்தம். பத்ரிநாத் அதைத் தன் சாதனையாகப் புரிந்துகொண்டார். 'பழுதில்லா மாதம்' என்று பேனர் கட்டினார். அங்கே போன் எடுக்க இருந்தவர்களை விளம்பரப் பிரிவுக்கு மாற்றினார். பழுதே இல்லாத கம்பெனிக்குக் கிளை எதற்கு? பொம்மனஹள்ளியை மூட, திங்கள் பதினொரு மணிக்குக் கூட்டம்.

* தக்காணத்து உருது, ஃபாத்திமாவின் துறை. ஒரு பெரியவரை, மெக்கானிக் வரும்வரை பிரியாணி பற்றிப் பேசியே உட்கார வைத்திருந்தாராம்.

4

முடிவு ஒன்று: பத்ரிநாத் தவறை உணர்ந்து கண்கலங்குகிறார். [அடித்துவிட்டேன். இதை நம்புகிறவர்கள் ஆபீஸில் வேலை பார்த்ததில்லை.]

முடிவு இரண்டு: ஆம்ப்ரோஸ் எண்களைத் திருப்பிப் போடுகிறார், தலைமையகம் மணியோசையில் தத்தளிக்கிறது, கிளை பிழைக்கிறது. நான் இதைத்தான் எழுதியிருப்பேன். ஆம்ப்ரோஸே இதைச் சொன்னாராம். பெர்னதெத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"அங்க சர்வர் உசுரோட இருக்கும், அதனால கால் எங்களுக்கு வராது, அங்க எடுக்கவும் ஆள் இருக்காது. எங்க வேலைக்காக ஒருத்தர உள்ள நிக்க வெக்கணுமா சார்?"

மூன்றாவது முடிவை அவரும் ஆம்ப்ரோஸும் ஏற்பாடு செய்துவிட்டார்கள். நாளைக் கூட்டத்தின்போது, பொம்மனஹள்ளிக்கு வரும் அழைப்பு பத்ரிநாத் மேஜை போனிலும் சேர்ந்து அடிக்கும். அவர் எடுத்தால் போதும், மறுமுனையில் மூச்சு வாங்கும் குரல் மீதியைச் சொல்லிவிடும்.

எடுக்காவிட்டால் என்று கேட்டேன்.

"மூணு தடவ மணி அடிக்கிற வரைக்கும் அவருக்கு டைம். அதுக்கு மேல நான் எடுத்துடுவேன். உள்ள ஆள் இருக்காங்களே."

அப்படி இவர் எடுத்ததும் அங்கே மேஜையில் மணி நின்றுவிடும். ஏதோ தவறான அழைப்பு என்று பத்ரிநாத் கையெழுத்துப் போட்டு முடிப்பார்.

5

இன்று ஞாயிறு. நாளை நடப்பதை நான் எழுத மறுக்கிறேன். பத்ரிநாத்தின் நாற்காலியில் உங்களை உட்கார வைக்கிறேன், மெத்தென்றுதான் இருக்கும். மேஜையில் மூடல் உத்தரவு, திறந்த பேனா. போன் அடிக்கிறது, ஒன்று. எல்லாரும் உங்களைப் பார்க்கிறார்கள். இரண்டு.