பஞ்சவர்ணம் ராகுகாலம் பார்த்த கதை

“உங்கப்பா போய்ச் சேர்ந்து ஏழு வருஷமாச்சு! எனக்கு எதுக்குடி கர்ப்பப்பை வாய்ச் சோதனை? நாலு பேரு கேட்டா சிரிப்பாங்க!”

“புருஷன் பொண்டாட்டிக்குள்ள தொத்துற புத்துநோய்க் கிருமி அப்பா இருந்தப்பவே வந்து ஒளிஞ்சிருக்கலாம்மா! வருஷக்கணக்கா ஒண்ணுமே காட்டாது. பார்த்தாத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை அப்பாயிண்ட்மென்ட் வாங்கிட்டேன், போங்க லா!”

கத்திவிட்டு வித்யா தஞ்சோங் பகார் ஆபீசுக்கு ஓடினாள். சிங்கப்பூர் தேக்கா சந்தையின் மேல்மாடித் தையல்கடையில் அம்மா பஞ்சவர்ணமும் மகளும் போட்ட சத்தம் கீழே மீன்கடை வரை கேட்டதாம். சொன்னவள் எதிர்க்கடைக் கண்மணி. அவள் காதில் விழாமல் தேக்காவில் ஊசிகூட விழுந்ததில்லை.

வெள்ளிக்கிழமை பஞ்சவர்ணம் போகத்தான் செய்தாள். நேரே உள்ளே போயிருந்தால் ஈ காக்கை பார்த்திருக்காது. ராகுகாலம் முடியட்டும் என்று மகளிர் கிளினிக் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாளே, அங்கேதான் வந்தது வினை. கோயிலுக்குப் பூவோடு போகிற சிராங்கூன் ரோடு மொத்தமும் அவளைப் பார்த்துவிட்டுத் தலைக்கு மேலிருந்த பலகையையும் படித்தது.

“கால்வலி, சும்மா உட்கார்ந்தேன்” என்றாள் எல்லாரிடமும்.

நூல்கடை அழகேசன் மட்டும் எதையும் கேட்கவில்லை. மனைவியை இழந்தவர், அதிகம் பேசமாட்டார். பிளாஸ்டிக் பையில் கட்டிய தேத்தண்ணி வாங்கி வந்து நீட்டினார். “குடிங்க, ஆறிடும்.”

கண்மணி சரியாக அப்போதுதான் அந்தப் பக்கம் வர வேண்டுமா?

உள்ளே படுத்தபோது கூரை வெள்ளையாக, எங்கோ தொலைவில் இருந்தது. “மூச்சை மெதுவா விடுங்க, ஆன்ட்டி” என்றாள் தாதி அமீரா. விட்ட மூச்சோடு பஞ்சவர்ணமும் மிதந்தாள். தைக்காமல் கிடந்த ரவிக்கைத் துண்டுகளெல்லாம், மாம்பழ மஞ்சளும் மயில் நீலமுமாக, ரோட்டுக்கு மேலே பறந்து போயின. எந்தத் துண்டு யாருடையது என்று யோசிப்பதற்குள், “முடிஞ்சுது” என்றது குரல். இவ்வளவுதானா?

சாயங்காலத்துக்குள் தேக்காவில் பஞ்சவர்ணத்துக்கு மூணு மாசம். பிள்ளைக்கு அப்பா, அழகேசன். அளவு கொடுக்க வந்தவர்கள் அவள் இடுப்பை அளந்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு வாரத்தில் சோதனை முடிவு வந்தது: கிருமி இருந்தது. இன்னொரு முறை போய் விரிவாகப் பார்க்க வேண்டும் என்றார்கள். மறுபடி அந்த வாசலா? மிச்சமிருக்கிற மானமும் போய்விடுமே! போவதற்கு முந்தின பகல் முழுக்க மிஷினை மிதித்தாள். ஊசிதான் ஓடியது, நூல் கோத்திருக்கவில்லை. அதைக் கவனித்ததும் தானாகச் சிரிப்பு வந்தது. எழுந்து நேரே எதிர்க்கடைக்குப் போனாள்.

“கண்மணி, நாளைக்கு மறுபடியும் அங்கதான் போறேன். எல்லார்கிட்டயும் சொல்லிடு. ஆனா எதுக்குன்னும் சேர்த்துச் சொல்லு.”

விளக்கிச் சொன்னாள். கண்மணி ஒரு சேதியை இரண்டு தரம் கேட்டுக்கொண்டதைத் தேக்கா அன்றுதான் பார்த்தது.

மறுநாள் ராகுகாலத்திலேயே உள்ளே நுழைந்தாள் பஞ்சவர்ணம். புற்றாக மாறக் காத்திருந்த செல்கள் கொஞ்சம் இருந்தன. பிறகு ஒருநாள், மாறுவதற்கு முன்னாலேயே எடுத்துவிட்டார்கள். கண்மணி சேதியை எவ்வளவு ஒழுங்காகப் பரப்பினாள் என்றால், அடுத்த மாதம் அந்தப் பெஞ்சில் இடமே இல்லை. முதல் ஆளாக உட்கார்ந்திருந்தவளும் அவள்தான்.

வித்யா ஆபீசில் பழகிய இளமாறனைக் கட்டிக்கொண்டு, தள்ளியிருக்கிற சுவா சூ காங் பேட்டைக்குக் குடிபோனாள். கல்யாண ரவிக்கை அம்மா தைத்தது. மறுவருஷம் பஞ்சவர்ணமும் அழகேசனும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். தான்தான் பொருத்தம் பார்த்ததாகக் கண்மணி இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.