கேள்விக் கல்

என் அக்காவோடு சண்டை போடுவது லேசான காரியம் இல்லை. நாம் சொன்னதை முதலில் அவள் திருப்பிச் சொல்வாள். "நீ சொல்ல வந்தது இதுதானே?" என்று கேட்பாள். நாம் "ஆமா" என்ற பிறகுதான் திட்டவே ஆரம்பிப்பாள். அதற்குள் நமக்குப் பாதிக் கோபம் ஆறிப்போயிருக்கும். அவளுக்கு ஆறாது.

இந்த வழக்கம் எங்கள் வீட்டில் பிறந்ததில்லை. பஸ் டிப்போவுக்குப் பின்னால் மேட்டில் கூரையில்லாத ஒரு வட்டக் கல்மண்டபம் இருக்கிறது. பல நூறு வருடங்களுக்கு முன்னால் தத்துவக்காரர்கள் கூடி வாதம் செய்த இடம். எதிராளி சொன்னதை, அவரே தலையாட்டும்படி திருப்பிச் சொல்லாமல் யாரும் மறுத்துப் பேசக் கூடாது என்பது அங்கே சட்டம். கல்லூரியில் தத்துவப் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற அக்கா, அந்த இடத்தை மீட்க ஓர் அறக்கட்டளை தொடங்கியபோது, முதல் வேலையாக இந்தச் சட்டத்தை எங்கள் கமிட்டிக்கும் போட்டுவிட்டாள். குப்பைத்தொட்டியை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய எங்களுக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது.

ஒன்பது வருடமாக முள் வெட்டினோம், மண் அள்ளினோம், சாய்ந்த படிகளை நிமிர்த்தினோம். இனி அங்கே சொற்பொழிவும் இசை நிகழ்ச்சியும் நடத்தலாம் என்று தொல்லியல் துறை ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அவர்கள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: பழைய கல் எதையும் மாற்றியிருக்கக் கூடாது. கையெழுத்து கிடைக்காவிட்டால் கேட்டைப் பூட்டிச் சாவியை அவர்களிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மண்டபத்தின் நடுவில் இருப்பது கேள்விக் கல். கேள்வி கேட்பவர் எழுந்து வந்து அதன் மேல்தான் நிற்க வேண்டும். எத்தனை தலைமுறைக் கேள்விகளோ, கல்லில் இரண்டு பாதங்கள் அளவுக்குக் குழி விழுந்துவிட்டது, நாலு விரல் ஆழத்துக்கு. அந்தக் குழிதான் அக்காவுக்கு உயிர். போன மழைக்காலத்தில் அதில்தான் கால் இடறி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள்.

நாலு மாதம் அவள் படுக்கையில் கிடந்தாள். பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் இருபது வருடம் விழா அரங்குகளில் மேலாளராக இருந்தவள். எனக்குத் தரை என்றால் மேடுபள்ளமில்லாமல் இருக்க வேண்டும். கொத்தனாரைக் கூப்பிட்டுக் குழியை அடைக்கச் சொன்னேன்.

"அக்காகிட்ட கேட்டீங்களாம்மா?" என்றார்.

"நான் சொல்றேன்ல" என்றேன்.

சிமெண்ட் வைக்கவே மாட்டேன் என்று அவர் அடம்பிடித்ததால் சுண்ணாம்புக் கலவை ஆனது. கல்பொடி சேர்த்துத் தேய்த்து முடித்தபோது, எது கல், எது பூச்சு என்று எனக்கே தெரியவில்லை.

பிறகுதான் கமிட்டியில் சொன்னேன். "வர்றவங்க விழுந்தா யார் பதில் சொல்றது?" என்று கேட்டேன். "வருகிறவர்கள் விழக் கூடாது, அதுதானே?" என்று முறைப்படி திருப்பிச் சொன்னார்கள். "ஆமா" என்றேன். குழியை அடைப்பது கல்லை மாற்றுவதாகாது என்று ஒரு மணி நேரம் வாதாடி, எங்களை நாங்களே நம்பவைத்துக்கொண்டோம். படித்தவர்கள் கூடினால் எதையும் நிரூபித்துவிடலாம். அக்காவிடம் மட்டும் ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

துறை அதிகாரி பார்வையிட வந்த காலையில், யாரிடமும் சொல்லாமல் அக்காவும் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் ஊன்றுகோல்.

"சார், படியெல்லாம் அப்புறம் பாக்கலாம். முதல்ல இங்க வாங்க, உங்களுக்கு ஒண்ணு காட்டறேன்" என்று அவரை நேராக நடுவுக்கு அழைத்துப் போனாள். அங்கே போய் நின்றுவிட்டாள். ஊன்றுகோல் நுனியால் கல்லைத் தடவினாள்.

"இங்கதானே இருந்துச்சு?"

அதிகாரி தன் ஃபைலில் இருந்த பழைய வரைபடத்தைப் பார்த்தார். "மழையில மண்ணு மூடியிருக்கும்மா. பெருக்கினா தெரிஞ்சுடும்."

நல்ல மனிதர், எனக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டார். நான் தலையாட்டினால் போதும். ஆனால் அக்கா வீடு மாறி வந்துவிட்டவள் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"மண்ணு இல்ல சார். நான்தான் அடைச்சேன்."

அதிகாரி ஃபைலை மூடினார். அக்காவின் முகம் சிவந்தது.

"வர்றவங்க விழக் கூடாதுன்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"இரு" என்றாள். படியில் மெல்ல உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கமிட்டியில் செய்வது போலவே. "நீ சொன்னதை நான் சொல்றேன். வர்றவங்க யாரும் விழுந்துடக் கூடாதுன்னு அடைச்சே." பிறகு தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். "இல்ல. அது நீ கமிட்டிக்குச் சொன்னது. நான் விழுந்தன்னிக்கு ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் என் தலையை மடியில வச்சுக்கிட்டு மழையில உக்காந்திருந்தே. எழுந்து நடமாட ஆரம்பிச்சா நான் முதல்ல இங்கதான் வருவேன், இந்தக் கல்லு மேலதான் ஏறி நிப்பேன்னு உனக்குத் தெரியும். யார் சொன்னாலும் கேக்க மாட்டேன்னும் தெரியும். அதான் அடைச்சிட்டே. நீ சொல்ல வந்தது இதுதானே?"

இதை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

அதிகாரி குந்தி உட்கார்ந்து பூச்சைச் சாவியால் சுரண்டினார். வெள்ளையாக உதிர்ந்தது.

"சுண்ணாம்புதான் சார், சிமெண்ட் இல்ல" என்றார் பின்னால் நின்றிருந்த கொத்தனார். "பத்து நாள்ல, கல்லுல ஒரு கீறல் விழாம எடுத்துத் தர்றேன்."

அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க கூட்டமெல்லாம் இப்படித்தான் நடக்குமா?"

"இது சீக்கிரம் முடிஞ்சது சார்" என்றேன்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பத்து நாள் கழிச்சு வர்றேன். குழி பழையபடி இருந்தா கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டுப் படிகளைப் பார்க்கப் போனார். ஒன்பது வருட உழைப்பு பிழைத்தது.

அக்கா அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமான்னு சொல்லுடி" என்றாள். குரல் உடைந்திருந்தது. "சொன்னாத்தானே நான் உன்னைத் திட்ட முடியும்."