மெல்போர்னைவிடப் பக்கத்தில் லண்டன்

தங்காக் ஊரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நாசருக்கு நஜ்வா ஒரே மகள். மாப்பிள்ளை தேடத் தொடங்கியபோதே அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். இங்கே விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினால், அன்றிரவு இஷா தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் மகள் வீட்டில் இருக்க வேண்டும். அதைவிடத் தொலைவென்றால் பெண் கிடையாது.

அதில்தான் மெல்போர்ன் மாப்பிள்ளை அடிபட்டுப் போனார். காலை பத்தரைக்கு விமானம் ஏறினால் அங்கே இறங்க இரவு ஒன்பதரை. ஆனால் லண்டனில் வேலை பார்க்கும் பொந்தியான் ஊர்ப் பையன் சுப்ஹானின் சம்பந்தம் வந்ததும், கைப்பேசியில் விமான நேரத்தைப் பார்த்த நாசர் பூரித்துப் போனார். காலை பத்தரைக்கு ஏறினால் மாலை ஐந்தரைக்கு லண்டன்!

"ஏழே மணி நேரம் லா! பெருநாள் ஜாம்ல பினாங்கு போகவே அவ்ளோ ஆகும்," என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

மெல்போர்ன் கடிகாரம் நமக்கு முன்னால் ஓடுகிறது, லண்டன் கடிகாரம் பின்னால் வருகிறது என்று நஜ்வாவுக்குத் தெரியும். ஆனால் நான்கு மாதம் பேசிப் பழகி, சுப்ஹானைத் தவிர யாரையும் நினைக்க முடியாமல் இருப்பவள் அதை வாய்விட்டுச் சொல்வாளா?

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத் தேதி குறிக்க, விடுமுறையில் ஊர் வந்திருந்த சுப்ஹான் வந்தான். சாப்பிடும்போது நாசர் ஆரம்பித்தார்.

"ஏழு மணி நேரம்தானே தம்பி, நெனச்சா வந்துருவேன்."

நஜ்வா பரிமாறியபடியே கண்ணால் கெஞ்சினாள். சுப்ஹான் கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தான்.

"இல்ல மாமா. பதினாலு மணி நேரம். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல. அங்க ஏழு மணி நேரம் பின்னால, அதான் அப்படித் தெரியுது."

நாசர் மகள் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா இவங்களும் மெல்போர்ன்காரர் மாதிரிதானே?"

அம்மா ரம்லா சிரிப்பை மறைக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாசர் சுப்ஹான் பக்கம் திரும்பினார். "நீங்களாச்சும் நிக்காஹ் முடிஞ்சு சொல்லிருக்கலாமே தம்பி?"

"ஒரு தடவ ஏறுனா உங்களுக்கே தெரிஞ்சிரும் மாமா. அப்புறம் எந்த முகத்தோட ஏர்போர்ட்டுக்கு உங்கள கூப்பிட வர்றது?"

நாசர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இங்க சுபுஹு தொழுதுட்டுக் கிளம்புனா, அங்க எறங்குறப்ப எந்தத் தொழுகை வக்து?"

"இப்ப போனா சாயங்கால அஸர். பொழுது சாயுற மக்ரிபுக்கே நேரம் இருக்கும்."

"பதினாலு மணி நேரம் போயுமா பொழுது சாயல?"

"மேற்கால போறோம்ல மாமா. சூரியனும் கூடவே வரும்."

நாசரின் முகம் மெல்ல மலர்ந்தது. "அப்ப இஷாவுக்கு முன்னாடியே போயிர்றேன். என் சொல்லு நிக்குதே!"

"திரும்பி வர்றப்ப?" என்றாள் ரம்லா.

"மறுநாள் ஆயிடும் மாமி," என்றான் சுப்ஹான். இவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டானா என்று நஜ்வா கண்ணை மூடிக்கொண்டாள்.

"திரும்பி வர்றதுக்கு நான் எங்க நிபந்தனை போட்டேன்?" நாசர் சிரித்தார். "மக வீட்டுலேர்ந்து யாரு அவசரமா கிளம்புவா? ரம்லா, மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு துண்டு கறி வை."

ரம்லா எழுவதற்குள் நஜ்வா கரண்டியை எடுத்துவிட்டாள்.